சிட்லிங்கி அக்காமார்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய், கர்ப்பிணியின் கால் வீக்கத்தையும் கைப்பிள்ளையின் எடையையும் பார்த்து வருகிறீர்கள். உங்களில் ஒருவரோடும் எனக்குப் பழக்கமில்லை. செவிலியர் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் தருமபுரி மாவட்டத்தின் அந்த மூலைக்கு வந்தபோது, அங்கே பிறந்த 1000 குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதை எட்டவில்லை. பிறகு அது 20 அளவுக்கு இறங்கியது. இந்தக் கணக்கைச் சொல்கிறவர்கள், வைத்தியம் தொடங்கிய கூரைக் கொட்டகையையும் அதில் எரிந்த ஒற்றை பல்பையும் கூடவே சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். காந்திகிராமத்து மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, அரூருக்கே 40, 50 கிலோமீட்டர் போகவேண்டிய இடத்தில் குடியேறுவது லேசான காரியமா? அவர்களுக்கு நன்றி சொல்லப் பலர் இருக்கிறார்கள். இந்த மடல் உங்களுக்கு.

வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். அந்த வீட்டுக்கு முதலில் வேண்டியது டாக்டர் இல்லை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சொன்னால் தாய் கேட்கவும் வேண்டும். முதலாவதை ஒரே மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவேன். இரண்டாவதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் இடமே கிடையாது.

பிறந்த பிள்ளையை உடனே குளிப்பாட்டாதீர்கள், துணியில் சுற்றித் தாயின் மார்போடு சேர்த்து வையுங்கள், சீம்பாலைப் பிழிந்து கொட்டாதீர்கள் என்று எங்கள் மாணவிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கிராமத்துக்குப் போனதும் மாமியார் ஒரே கேள்வி கேட்பார்: "உனக்கு எத்தனை பிள்ளை?" இருபது வயதுப் பெண் அதற்கு என்ன பதில் சொல்வாள்? அக்காமார்களே, உங்களிடம் அந்தக் கேள்வி செல்லாது. நீங்களே பெற்றவர்கள், வளர்த்தவர்கள். ஊரே பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்கள் நீங்கள். மாதாமாதம் அந்த மருத்துவர்களின் ஆஸ்பத்திரியில் கூடிக் கற்றுக்கொண்டதை அன்றே ஊருக்குக் கொண்டுபோனவர்கள்.

தங்கைகளே, மலையிலேயே பிறந்து, அந்த ஆஸ்பத்திரியிலேயே கற்று, பிரசவம் பார்க்கவும் அறுவை சிகிச்சைக்குத் துணை நிற்கவும் தேறியவர்கள் நீங்கள். "முறையான படிப்பு உண்டா?" என்று புருவம் உயர்த்துகிறவர்கள் என் தொழிலில் உண்டு. படிப்பு வேண்டும், சான்றிதழும் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சான்றிதழோடு மலைக்கு வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேர் முதல் வருடமே மாறுதல் மனு எழுதினார்கள் என்பதையும் பார்த்தவள் நான். அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை: ராத்திரி பஸ் இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, குவார்ட்டர்ஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உங்களுக்கு மாறுதல் கேட்டுப் போக வேறு ஊர் ஏது? உங்கள் வீடே அங்குதானே.

உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களிடம் நான் வியப்பது ஒன்று. கையில் இருக்கும் வித்தையைப் பட்டம் பெறாத ஒருவர் கையில் நம்பி ஒப்படைக்க மருத்துவருக்கு மனம் வருவது அபூர்வம். பெரும்பாலோர் தங்களுக்கு மட்டும் தெரிந்ததாகவே வைத்துக்கொள்வார்கள்.

மருந்தோடு உங்கள் ஊர் நின்றுவிடவில்லை. இயற்கை வேளாண்மைக்கு உழவர் சங்கம், லம்பாடிப் பெண்களின் பூந்தையல் என்று விரிந்தது. அது தனியே எழுதவேண்டிய கதை.

நன்றியோடு ஒரு விண்ணப்பமும் உண்டு. எங்கள் மாணவிகள் கிராமப் பயிற்சி என்ற பெயரில் வேனில் போய், பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, சாயங்காலத்துக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று பேராக அவர்களை உங்கள் ஊர்களில் சில வாரம் தங்கவைக்க முடியுமா? நீங்கள் வீட்டுக்கு வீடு போகும்போது உங்கள் பின்னால் வரட்டும். பாடம் எதுவும் தனியாக எடுக்க வேண்டாம். மாமியார் கேள்வி கேட்கும்போது நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று பக்கத்தில் நின்று கேட்டாலே போதும். சாப்பாட்டுச் செலவைப் பள்ளி ஏற்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் நான் பேசிக்கொள்கிறேன்.


ஓய்வுபெற்ற செவிலியர் ஆசிரியை ஒருத்தி