ஒதுக்கிய சட்டையைக் கொண்டுவாருங்கள்

சீருடைக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சாம்பிள் கத்தையை விரிப்பதில்லை. "இனிமேல் போட முடியாது என்று ஆட்கள் ஒதுக்கிய சட்டை, பேண்ட் நாலைந்து கொண்டுவாருங்கள் சார்" என்பேன். சிலர் சிரிப்பார்கள். கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கும் ஃபவுண்ட்ரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தைத்துக்கொடுக்கும் எனக்கு, அந்தக் கந்தல் சொல்வதைப் பர்ச்சேஸ் ஆபீசர் சொல்ல முடியாது.

லேத்தில் நிற்பவரின் சட்டை வயிற்றுப் பக்கம் தேய்ந்திருக்கும். செக்யூரிட்டியின் சட்டை எங்கும் கிழிந்திருக்காது. தோளும் முதுகும் மட்டும் வெயிலில் வெளுத்திருக்கும். பள்ளிப் பையனின் டவுசர் உட்காருமிடத்தில் பளபளக்கும். ஆஸ்பத்திரிக் கோட்டு உடுத்தி நைவதைவிடத் துவைத்து நைவதுதான் அதிகம். நாலு பேருக்கும் ஒரே துணியைக் கொடுத்தால் மூன்று பேர் ஏமாறுவார்கள்.

கடைவீதியில் டி.சி. என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் 65, பருத்தி 35 கலந்த துணி. பாலியெஸ்டர் தேய்மானம் தாங்கும், சுருங்காது, கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை வாங்காது. நூறு கிராம் பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; பாலியெஸ்டர் அரை கிராம்கூட வைத்துக்கொள்ளாது. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் முதுகில் தெரியும். அப்படிப்பட்ட இடத்துக்கு நான் விகிதத்தைத் திருப்பிப் போட்டு, பருத்தி 60, பாலியெஸ்டர் 40 உள்ள சி.வி.சி. எடுக்கச் சொல்வேன். கொஞ்சம் கசங்கும். கசங்கட்டும். ஷெட்டில் வேலை செய்கிறவர் என்ன, கல்யாண ரிசப்ஷனிலா நிற்கிறார்?

எண்ணெய்க் கறை வேறொரு தலைவலி. பாலியெஸ்டர் தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை விடாது. மெக்கானிக்கின் டி.சி. சட்டை எத்தனை துவைத்தாலும் நாறுவதற்கு அதுதான் காரணம், ஆள்மேல் குற்றமில்லை.

பேண்ட் துணியில் ஒரு பொறி இருக்கிறது. ராஜஸ்தான் பில்வாராவிலிருந்து வரும் பாலியெஸ்டர்–விஸ்கோஸ் சூட்டிங் பார்வைக்கு அழகு. கையில் எடுத்தால் வழவழப்பும் கனமும் மனசை இழுக்கும். ஆபீஸ், ஹோட்டல் முன்கூடம், கண்டக்டர் வேலை இவற்றுக்கு நல்ல துணி. ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் தன் வலுவில் பாதியை இழக்கக்கூடிய இழை. பருத்தியோ நனைந்தால் இன்னும் வலுக்கும். எனவே பேண்ட் வாஷிங் மெஷினுக்குப் போகிறதா, துவைக்கிற கல்லுக்குப் போகிறதா என்பதைக் கேட்காமல் விஸ்கோஸ் கலவையை எடுக்கக்கூடாது. கல்லில் அடித்துப் பிழிகிற வீட்டுக்கு சதுர மீட்டருக்கு 220, 240 கிராம் (ஜி.எஸ்.எம்.) எடையுள்ள பாலியெஸ்டர்–பருத்தி ட்வில்தான். பாவு நூலாவது இரட்டை நூலாக இருந்தால் கால்முட்டியில் கூடுதலாகத் தாங்கும்.

இவ்வளவும் பணக்கணக்கு. அடுத்தது அப்படியல்ல. வெல்டர், உருக்கு ஊற்றுகிறவர், அடுப்படியில் நிற்கிறவர் ஆகியோருக்குச் சாதாரண டி.சி. கூடவே கூடாது. பருத்தி எரிந்து கரியாகும். பாலியெஸ்டர் ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸில் உருகும். கலவையில் ஆபத்து கூடும்: கரியாகும் பருத்தி உருகிய பாலியெஸ்டரை விழவிடாமல் பிடித்துக்கொள்ள, திரியில் ஏறிய எண்ணெய் மாதிரி அது நின்று எரியும், தோலிலும் ஒட்டும். அவர்களுக்குத் தீத்தடுப்புப் பதம் கொடுத்த கனமான பருத்தித் துணி வேண்டும். "கம்பெனி முழுக்க ஒரே கலர், ஒரே துணி" என்று அழகு பார்க்கிற முதலாளிகளிடம் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான். கலர் ஒன்றாக இருக்கட்டும், துணி வேறாக இருக்கட்டும்.

கலர் என்றதும் சாயம். கலவைத் துணிக்கு இரண்டு சாயம் ஏற்ற வேண்டும். பாலியெஸ்டருக்கு 130 டிகிரி அழுத்தச் சூட்டில் டிஸ்பெர்ஸ் சாயம், பருத்திக்கு ரியாக்டிவ் அல்லது வேட் சாயம். பத்துச் சலவையில் நீலச் சட்டை நரைத்தாற்போல் ஆகிறதென்றால் பெரும்பாலும் பருத்தியின் சாயம் மட்டும் போய்விட்டது என்று அர்த்தம். பிளீச்சிங் போட்டுத் துவைக்கும் ஆஸ்பத்திரிக்கு வேட் சாயம் ஏற்றியதா என்று கேட்டு வாங்க வேண்டும். மீட்டருக்குச் சில ரூபாய் கூடும்.

கையால் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளும் உண்டு. ஊடை நூல் ஒன்றை உருவித் தீயில் காட்டினால், காகிதம் எரிகிற வாசனையும் சாம்பலும் பருத்திக்கு. கெட்டியான கரு மணி பாலியெஸ்டருக்கு. கலவையில் இரண்டும் வரும். விகிதத்தை அதில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வகத்தில் கந்தக அமிலத்தால் பருத்தியைக் கரைத்துவிட்டு மிச்சத்தை எடை போடுவார்கள். பெரிய ஆர்டர் என்றால் கோவையிலுள்ள சிட்ரா ஜவுளி ஆய்வு நிறுவனத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. கனமான துணியில் கஞ்சியும் கனமாக இருக்கலாம். ஒரு துண்டை எடைபோட்டு, வெந்நீரில் அலசிக் காயவைத்து மறுபடியும் எடைபோட்டால் குட்டு வெளிப்படும். 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து ஐந்து தடவை துவைத்து அளப்பதும் அப்படித்தான். ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தால் சுருக்கம் 3 சதவீதம். 100 சென்டிமீட்டர் நீளப் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

துணி நன்றாக இருந்து தையல் நூல் மட்டமானதென்றால் எல்லாம் வீண். உள்ளே பாலியெஸ்டர் இழை ஓடும் கோர்ஸ்பன் நூல், கவட்டில் மடிப்புவைத்த இரட்டைத் தையல், பாக்கெட் முனையில் பார்டேக் என்னும் நெருக்கமான பூட்டுத் தையல். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஓடுகிற இயந்திரத்தைப் பரிசோதிப்பவர் உடலோடு ஒட்டிய உடுப்பு அணிய வேண்டும், அதைத் தொழிற்சாலை நடத்துபவரே கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு எழுதி வைத்திருந்தது. எல்லா உடுப்புக்கும் சட்டம் அவ்வளவு தூரம் வராது. ஆகவே ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐந்நூறு சட்டைக்குக் கையெழுத்துப் போடும் முன், பிடித்த துணியில் ஐந்து சட்டை தைத்து, வேலை செய்கிற ஐந்து பேரிடம் கொடுங்கள். அவர்கள் வீட்டில் துவைக்கிறபடியே ஒரு மாதம் துவைக்கட்டும். பிறகு சட்டையையும், அதைத் துவைத்தவரிடம் கேட்ட பதிலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், விலை பேசலாம்.