முப்பத்தோரு அங்குலம்

மரக்காணம் உப்பளங்களுக்குப் போய்வர வைத்திருக்கும் பழைய ஜீப்புக்கு 31 அங்குல டயர் மாட்டினேன். பக்கவாட்டில் 31×10.50 ஆர்15 என்றே பொறித்திருந்தது. இடையஞ்சாவடிச் செம்மண்ணில், டயரில் சாக்பீஸ் கோடிட்டு வண்டியைச் சரியாக ஒரு சுற்றுத் தள்ளி அளந்தேன். 31 அங்குல விட்டத்துக்கு 97 அங்குலம் உருண்டிருக்க வேண்டும். உருண்டது 93.

விற்றவரை மனதுக்குள் நிறையவே ஏசினேன். அது பாதி நியாயம்தான். பொறித்த எண் பெயரளவு. சோதனை ரிம்மில் மாட்டி, காற்றடைத்து, பாரமில்லாமல் அளப்பதே விட்டம். அதிலும் கொஞ்சம் கூடக்குறைய அனுமதி உண்டு. என் டயரின் மேல் ஒரு ஜீப் உட்கார்ந்திருந்தது. தவிர, விட்டம் ஓர் அங்குலம் கூடினாலும் அச்சு உயர்வது அரை அங்குலமே. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

மழைக்குப்பின் உப்பளக் கரையோரச் சேற்றில் வண்டி புதைந்தது. காற்றைப் பாதி இறக்கினேன். டயர் இன்னும் குட்டையாகி, தரையில் நீளமாகப் படிந்தது. வண்டி மெல்ல வெளியே வந்தது.