அம்மா நடக்கும் தூரம்

பினாங்குக்குப் போயும் பினாங்கைப் பார்க்காமல் திரும்பி வந்த கதை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அதில் தப்புச் செய்தது நான்தான்.

போன ஆண்டு. வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு நேராக கே.எல். சென்ட்ரல் போய் ரயில் ஏற வேண்டும். திங்கட்கிழமை விடியற்காலையில் மறுபடி ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வேண்டும். நடுவில் இருப்பது இரண்டே இரவு. அம்மா, கணவர், ஆறு வயது மகன், நான். இரண்டு வாரத்துக்கு முன்பே உட்கார்ந்து பதிவு செய்தேன். 'பினாங்கு' என்று தட்டினேன், விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினேன், பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் ஒரு விடுதி கண்ணில் பட்டது. நீச்சல் குளம், பெரிய அறை, இரவுக்கு 180 வெள்ளி. நகருக்குள் அதே தரத்தில் கேட்ட விலை 260. இரண்டு இரவுக்கு 160 வெள்ளி மிச்சம் என்று கணவரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அம்மா பிறந்தது ஜோர்ஜ் டவுனில். லெபோ குவீனில் ஒரு நகைப்பட்டறைக்கு மேலே ஒரே ஓர் அறை, அதில் ஏழு பேர். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் கிள்ளானுக்கு மாறியது. அதன் பிறகு கல்யாணம், கருமாதி, தைப்பூசம் என்று எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார். ஆனால் ஓர் இரவுகூட அங்கே தங்கியதில்லை. "காலையில கோயில் மணி சத்தத்துலதான் கண்ணு முழிப்போம்" என்று பசியாறும்போதெல்லாம் சொல்வார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவேன்.

அந்தப் பயணத்தில் என்ன நடந்தது என்றால், வெள்ளிக்கிழமை விடுதியை அடையவே இருட்டிவிட்டது. சனிக்கிழமை பகல் முழுவதும் மகனுக்குக் கடல். சாயங்காலம் ஆறரைக்குக் கார் பிடித்துக் கோயிலுக்குக் கிளம்பினோம். பத்து ஃபெரிங்கியிலிருந்து நகருக்கு வரும் சாலை கடலை ஒட்டி வளைந்து வளைந்து வரும். சாதாரண நாளில் அரை மணி, முக்கால் மணி. அன்றைக்கு விடுமுறைக் கூட்டம் மொத்தமும் அந்த ஒரே சாலையில்தான் நின்றது. மகனுக்கு வாந்தி வேறு. வழியில் இறங்கி, கழுவி, மறுபடி ஏறி, கோயில் வாசலுக்கு வந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெளியில் நின்றே கும்பிட்டார். "பரவாயில்லம்மா, கோபுரத்தைப் பார்த்தாச்சில்ல" என்றார். மறுநாள் பகல் ரயில். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். படகுத்துறையிலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து கோயிலுக்கு, திரும்ப, கடைசியாக மறுபடி படகுத்துறைக்கு என்று நான்கு கார் பயணம். சனிக்கிழமை இரவு விலை ஏறியிருந்தது. மொத்தம் 170 வெள்ளி. மிச்சம் பிடித்த 160 போய், கூடப் பத்து வெள்ளியும் போனது. சாலையில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு விலை போடவில்லை.

கடலுக்காகவே போகிறவர்களுக்கு அந்த விடுதி அருமையான இடம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் போனது கடலுக்காக இல்லை. அதை எனக்கு நானே கேட்டுக்கொள்ளாமல் பதிவு செய்ததுதான் பிரச்சினை.

இந்த ஆண்டு தொடக்கத்தில் அம்மாவுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஊன்றுகோலோடு நடக்கப் பழகிய நான்காவது மாதம், "இனிமே தூரப் பயணமெல்லாம் எதுக்கு, என்னால உங்களுக்குச் சிரமம்" என்றார். அன்றைக்கு இரவே மறுபடி விடுதி தேட உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தடவை விலையிலிருந்து தொடங்கவில்லை. வரைபடத்தை எடுத்து லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயில் மேல் ஒரு புள்ளி வைத்தேன். 1833ஆம் ஆண்டிலிருந்து அதே இடத்தில் இருக்கும் கோயில். அதைச் சுற்றித் தேடினேன். பல இணையப் பக்கங்களில் 'நகர மையம்' என்று கொம்தாரைச் சுற்றித்தான் காட்டுகிறார்கள். பேருந்து மாற, கடைவளாகம் சுற்ற அது மையம்தான். கோயிலுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் அங்கிருந்து வெயிலில் நடப்பது இளசுகளுக்கே வேர்க்கும். மையம் எது என்பது வரைபடத்தில் இல்லை. நீங்கள் காலையில் முதலில் போகும் இடமும் இரவில் கடைசியாகத் திரும்பும் இடமும் எதுவோ, அதுதான்.

தூரத்தை மீட்டரில் பார்ப்பதும் ஏமாற்றும். ஜோர்ஜ் டவுனில் கடைவீடுகளுக்கு முன்னால் காக்கி லீமா இருக்கிறது, தெரியுமே. 1822-இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் ராஃபிள்ஸ் எல்லாக் கடைக்கு முன்னாலும் கூரை போட்ட நடைபாதை வேண்டும் என்றார். பிறகு அந்த வழக்கம் இங்கேயும் வந்தது. வெயிலுக்கும் மழைக்கும் நல்ல நிழல். ஆனால் ஒரு கடையின் தரை அடுத்த கடையின் தரையைவிட ஒரு சாண் உயரம். நடுவில் மோட்டார் சைக்கிள், மூட்டை, சாமிமாடம், சிலசமயம் அடைத்த சுவர். ஊன்றுகோல் பிடித்தவருக்கு அது நடைபாதை இல்லை, ஏறி இறங்கும் பந்தயம். வீதிக் காட்சியைத் திறந்து, விடுதி வாசலிலிருந்து கோயில் வரைக்கும் கணினியிலேயே நடந்து பார்த்தேன். கணவர் பின்னால் நின்று, "இதுக்கு மேல போகவே வேணாம், நீயே போய்ட்டு வந்துட்ட" என்றார்.

அடுத்தது படி. ஜோர்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, பழைய கடைவீடுகள் பலவும் அழகான சிறு விடுதிகளாகிவிட்டன. பூப்போட்ட தரை ஓடு, நடுவில் வானம் தெரியும் முற்றம், மரச் சன்னல். எனக்கு அதில் தங்கத்தான் ஆசை. ஆனால் கடைவீடு என்றால் முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், மாடிக்கு ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி. பலவற்றில் லிஃப்ட் கிடையாது. விடுதிப் படங்களில் தலையணையைக் கூடப் பத்துக் கோணத்தில் காட்டுகிறார்கள், படிக்கட்டை மட்டும் காட்டுவதில்லை. கீழ்த்தள அறை கேட்டால் கிடைக்கும். அதில் சன்னல் இருக்கிறதா என்று சேர்த்துக் கேளுங்கள். சில அறைகளில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர்.

பயணிகள் எழுதிய கருத்துகளில் பாராட்டை நான் படிப்பதேயில்லை. குறைந்த நட்சத்திரம் கொடுத்தவர்களை மட்டும் எடுத்து, படி, சத்தம், சன்னல், லிஃப்ட் என்ற நான்கு சொற்களைத் தேடினேன். லவ் லேன், லெபோ சூலியா பக்கம் விலை மலிவாக இருக்கும். இரவு வெகுநேரம் மதுக்கடைப் பாட்டும் இருக்கும். இருபத்தைந்து வயதில் அதுதான் நல்ல இடம். லிட்டில் இந்தியாவில் நிலைமை தலைகீழ். பகலெல்லாம் கடைக்குக் கடை ஒலிபெருக்கி, மூன்று பாட்டு ஒரே நேரத்தில் ஓடும் (அதில் ஒன்று எங்கள் போட்டி நிலையம், சொல்லவே வேண்டாம்). இரவு கடை அடைத்ததும் தெரு அப்படியே அடங்கிவிடும்.

பிறகு தொலைபேசியை எடுத்தேன். எங்கள் தொழிலில் கற்ற பழக்கம், குரலைக் கேட்காமல் எதையும் நம்புவதில்லை. மூன்று விடுதிகளைக் கூப்பிட்டேன். ஒன்றில் எல்லாக் கேள்விக்கும் "இருக்கு மேடம்" என்றார்கள். இன்னொன்றில் எடுக்கவேயில்லை. மூன்றாவதில் ஒரு தமிழ்த் தம்பி.

"கோயிலுக்கு நடக்க எத்தனை நிமிஷம் தம்பி?"

"அஞ்சு நிமிஷம்க்கா."

"எங்கம்மா நடந்தா?"

கொஞ்சம் யோசித்தார். "கோல் வச்சிருக்காங்களா? அப்போ பத்து நிமிஷம். காக்கி லீமாவுல வேணாம்க்கா, ரோட்டு ஓரமா வரச் சொல்லுங்க. காலையில கார் அவ்வளவா இருக்காது."

அங்கேயே பதிவு செய்துவிட்டேன். பழைய மாடிக் கட்டடம். அழகு என்று எதுவும் இல்லை. கம்பளத்தில் லேசாக ஈர வாடை. லிஃப்ட் ஒன்று, நிதானமாக வரும், ஆனால் வரும். கணவர் படத்தைப் பார்த்துவிட்டு "அரசாங்க ஓய்வு விடுதி மாதிரி இருக்கே" என்றார். மகன் நீச்சல் குளம் எங்கே என்று கேட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

பணம் பற்றி இரண்டு வார்த்தை. இணையத்தில் பார்க்கும் விலைக்கு மேல் பினாங்கில் உள்ளூர்க் கட்டணம் என்று இரவுக்கு இரண்டு மூன்று வெள்ளி வாங்குவார்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்குச் சுற்றுலா வரியும் சேரும், அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. காரில் போகிறவர்கள் நிறுத்துமிடத்தைப் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பழைய நகருக்குள் பல விடுதிகளுக்கு அது கிடையாது. தைப்பூசச் சமயத்தில் அறையும் கிடைக்காது, வெள்ளி ரதம் வரும் சாலைகளில் காரும் நுழையாது. அப்போது பக்கத்தில் அறை எடுத்தவர் ராஜா.

நாங்கள் ரயிலில்தான் போனோம். பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கி, இணைப்புப் பாதையில் நடந்தால் படகுத்துறை. அம்மாவுக்கு அந்தப் பழைய பெரிய ஃபெரி இல்லையே என்று வருத்தம். 2020 இறுதியோடு அவை பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. இப்போது ஓடுவது 2023-இல் வந்த புதியவை, குளிர்சாதனம் எல்லாம் உண்டு. "காத்து வரலையே" என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் தீவு நெருங்க நெருங்கப் பேச்சு நின்றுவிட்டது. கரையில் இறங்கி விடுதிக்குக் காரில் சில நிமிடம்தான். ஏழு மணிக்கெல்லாம் குளித்து, கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம். லெபோ பாசாருக்கு அம்மா சொல்லும் பெயர் கடைத்தெருதான். அந்த நகைப்பட்டறை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. மாடிச் சன்னல் மட்டும் அதே சன்னல் என்றார். நான் நம்பினேன்.

மறுநாள் மகனை இலவச சி.ஏ.டி. பேருந்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டினோம். நீச்சல் குளத்தை மறந்தானா என்றால், இல்லை. ஆனால் மத்தியான வெயிலில் எல்லோரும் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு மறுபடி கிளம்ப முடிந்தது. போன தடவை அந்த வசதியே இல்லை.

சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை காலை பற்றி. இருட்டாக இருந்தபோது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து பாங்கு மெல்லக் கேட்டது, அரைத் தூக்கத்தில். மறுபடி கண் விழித்தபோது மணி ஆறே முக்கால். பக்கத்துக் கட்டில் காலி. கழிவறையிலும் அம்மா இல்லை. கைப்பேசி மேசைமேல் மின்னேற்றிக்கொண்டிருந்தது. ஊன்றுகோலைக் காணவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினேன். வாசல் காவலாளி என்னைப் பார்த்ததுமே "மம்மி டெம்பிள்" என்று கையைக் காட்டினார். தெரு ஓரமாகவே ஓடினேன். கடைகள் இன்னும் திறக்கவில்லை. கோயில் பக்கம் ஒரு பூக்கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்து, பூக்கார அம்மாவோடு சேர்ந்து என் அம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு.

"சொல்லாம ஏம்மா வந்தீங்க? போனும் எடுக்கல."

"நீ அசந்து தூங்கிட்டிருந்த. ரோட்டு ஓரமாத்தான் வந்தேன், பத்து நிமிஷம்கூட ஆகல" என்றார். பூக்காரம்மாவிடம் திரும்பி, "காலு ஒடஞ்சதில இருந்து என்னை ஒரு எட்டு தனியா விடமாட்டேங்குது" என்று என்னைப் பற்றிப் புகார் சொன்னார். கால் உடையவெல்லாம் இல்லை. நான் திருத்தவில்லை.

"மணி கேட்டுச்சாம்மா ரூம்ல?"

"எங்க, சன்னலத்தான் தொறக்கவே முடியலையே. ஏர்கான் சத்தம்தான். வெளியில வந்துதான் கேட்டேன்."

சன்னல் திறக்குமா என்று கேட்க நான் மறந்திருந்தேன். அடுத்த தடவைக்கு அது ஐந்தாவது சொல்.

தோசைப் பொட்டலம் நான்கு வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தோம். நான் கை கொடுத்தேன், பிடித்துக்கொள்ளவில்லை. விடுதி வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "நாளைக்கும் போவேன். நீ தேடிக்கிட்டு ஓடி வராத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கட்டில் அசைந்தது, பிறகு ஊன்றுகோல் இரண்டு தடவை தரையில் தட்டியது, கதவு மெல்லச் சாத்தியது. நான் கண்ணைத் திறக்கவில்லை.