சிறிது திறந்திருக்கும் ஜன்னல்

உறைபனிக் காலத்தில் சிறிய டிரெய்லரில் முகாமிடப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை பலருக்கும் விந்தையாகத் தோன்றும்: உறங்கப் போகுமுன் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். குளிருக்கு அஞ்சுகிறவரிடமே குளிரை உள்ளே விடச் சொல்வது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவிலுள்ள டனல் மலை முகாமிடத்தில் என் குடும்பத்தோடு சில ஜனவரி இரவுகளைக் கழித்தபோது கண்டுணர்ந்ததை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் டிரெய்லர் 17 அடி நீளமுடையது. சுவர்கள் மெல்லியவை. எனவே அடைக்க வேண்டியவற்றை அடைப்பதே முதல் வேலை. ஜன்னல் கண்ணாடிகளின் அளவுக்கு நுரைப் பலகைகளை வெட்டிப் பொருத்தினோம். கூரைத் திறப்பு ஒன்றில் தடித்த மெத்தைத் துண்டைச் செருகினோம். வண்டியின் அடியில் காற்று புகாதபடி சுற்றிலும் தார்ப்பாய் கட்டினோம். தண்ணீர்த் தொட்டியை முன்னதாகவே வடித்துவிட்டு, குடிநீரைக் குடுவைகளில் உள்ளே வைத்துக்கொண்டோம். அங்கே மின்னிணைப்பு உண்டு. ஆயினும் 1,500 வாட் மின்சூடேற்றி ஒன்றே 12 ஆம்பியருக்கு மேல் இழுத்துவிடும். 30 ஆம்பியர் இணைப்பில் அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க இயலாது. ஆகையால் எங்கள் முதன்மையான நம்பிக்கை புரொப்பேன் வாயுவில் இயங்கும் சூடேற்றியே. பியூட்டேன் பூச்சியம் பாகையை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும்; புரொப்பேனோ மைனஸ் 42 பாகை வரைக்கும் ஆவியாகும்.

இவ்வளவு அடைத்த பின்பும் ஜன்னலை ஏன் திறக்க வேண்டும்? உறங்குகிறவர்களின் மூச்சு முழுவதும் ஈரம். அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகி, மெத்தையின் அடியில் தேங்குகிறது. நனைந்த படுக்கை உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். முற்றிலும் அடைத்த வண்டியில் மாலையில் கதகதப்பாக உறங்கினவர்கள் விடியற்காலையில் நடுங்கி எழுவது இதனால்தான். ஈரம் வெளியேற ஒரு வழி வேண்டும். மெத்தையின் கீழே மரச்சட்டங்களை அடுக்கிக் காற்று உலவ இடம்விட்டதும் எங்களுக்கு மிகவும் உதவிற்று.

மூன்றாம் இரவு வெளியே மைனஸ் 24 பாகை. அதிகாலை மூன்று மணியளவில் சூடேற்றியின் விசிறி குளிர்ந்த காற்றை ஊதத் தொடங்கியது. சிலிண்டர் தீர்ந்திருந்தது. 20 பவுண்டு சிலிண்டர் ஒன்று, 20,000 பி.டி.யு. சூடேற்றி இடைவிடாமல் எரிந்தால், ஏறத்தாழ 21 மணி நேரமே தாங்கும். எங்கள் இளைய மகள் இருமிக்கொண்டு புரண்டாள். என் மனைவி அவளை அணைத்துக்கொண்டு, "அடுப்பையாவது கொஞ்ச நேரம் பற்ற வைக்கலாமே, பிள்ளை நடுங்குகிறாளே" என்றாள். எந்தத் தாயும் அந்நேரம் அதைத்தான் கேட்பாள். "வேண்டாம்மா, ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுக் கையுறைகளை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். இரண்டாம் சிலிண்டரின் வால்வைத் திறந்து நெம்பியைத் திருப்பிவிட்டு வந்தேன். குழாயிலிருந்த காற்று நீங்கிச் சூடேற்றி மீண்டும் பற்றும் வரையில் நால்வரும் ஒரே போர்வைக்குள் ஒடுங்கியிருந்தோம். ஐந்து நிமிடம் பதினைந்தாயிற்று. ஆயினும் ஒருவரும் குறைசொல்லவில்லை.

அடுப்பை ஏன் மறுத்தேன்? சூடேற்றி தன் புகையை வெளியே தள்ளிவிடும். சமையல் அடுப்புக்கு அந்த வழி இல்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலான நீர் ஆவியாக வண்டிக்குள்ளேயே சேரும். அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு அது பற்றிக்கொள்ளும். தலைவலியும் தூக்கமுமாக வரும். தூங்குகிறவரோ அதை அறியார். உடனே கிடைக்கும் வெப்பம் எல்லாம் நன்மையான வெப்பம் அன்று.

பிரியமானவர்களே, முழுவதும் அடைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று நம் மனமும் எண்ணுகிறது. துக்கம் நேர்ந்த வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறேன். கதவை மூடிக்கொள்கிறார்கள், அழைப்புகளை எடுப்பதில்லை. முதல் சில நாட்கள் அது ஆறுதலாகவே இருக்கும். பிறகு உள்ளேயே தேங்கிய கண்ணீர், படுத்திருக்கும் மெத்தையையே நனைத்துவிடுகிறது. அத்தகையோரிடம் கதவை அகலத் திறக்கும்படி நான் கேட்பதில்லை. ஒரு விரற்கடை போதும்: ஒருவரோடு ஒரு தேநீர், ஒரு சிறு உரையாடல்.

அப்படி மூடிக்கொண்ட ஒருவர் உங்கள் நினைவுக்கு வந்தால், இந்த வாரம் அவரைத் தேடிச் செல்லுங்கள். இன்றிரவு உறங்குமுன் இன்னொன்றும் செய்யுங்கள். வீட்டிலோ வண்டியிலோ உள்ள கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதன் பின்புறத்தில் காலாவதி ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும், அதையும் வாசியுங்கள். உங்கள் பிள்ளைகள் உங்களை நம்பித்தான் கண்மூடுகிறார்கள்.