ஒட்டுத்துணியும் ஒரு தீக்குச்சியும்



"டீச்சர் துணி யாவாரம் பண்றாங்களாமே!" என்று போனில் கேட்பவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். ஆமாம், பண்ணுகிறேன்.

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை, தையல் மெஷினுக்கும் பஞ்சமில்லை. 80 செ.மீ. ஜாக்கெட் துணியில் தைத்தது போக ஓரம் சாரம் மிஞ்சும். யாரும் திரும்பக் கேட்பதில்லை. சாக்கில் சேர்ந்து, கடைசியில் வண்டி துடைக்க மெக்கானிக் ஷாப்புக்குப் போகும். தறிக்கார வீடுகளில் இழை விட்டுப்போய் ஒதுக்கிய சேலையை வெட்டிய துண்டுகள் கிடக்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்த அண்ணன் மகள் துணிப் பொம்மை செய்கிறவள். "அத்தை, இதையா குப்பையில போடுறாங்க?" என்று அவள்தான் போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டாள்.

திருச்சுழிப் பக்கம் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். காக்கி டவுசரின் பின்பக்கம் கட்டம் போட்ட துணியில் ஒட்டுப் போட்டு வருவீர்களே! அந்த ஒட்டுத்துணியைத்தான் இப்போது அரைக் கிலோ 150 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். சிரிக்காதீர்கள். வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துக் கவுதியும் பழந்துணியை அடுக்கித் தைத்ததுதான். நம் அப்பத்தாக்களும் பழைய சேலைகளை மடித்துத் தைத்துத்தான் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள்.

துவைத்து, இஸ்திரி போட்டு, நிறவாரியாகப் பிரிப்பேன். ஒரு சாணுக்குக் குறைந்த துண்டைச் சேர்ப்பதில்லை. போட்டோ காலை வெளிச்சத்தில் திண்ணையில் வைத்துத்தான். முதலில் டியூப்லைட்டில் எடுத்து, அரக்கு நிறம் காபிப்பொடி நிறமாகத் தெரிந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். வருவதில் தபால் செலவு போக முக்கால் பங்கு தைக்கிற பெண்களுக்கு.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு உறுத்தலான சங்கதி. போன ஆடியில் சென்னையில் ஒரு அம்மா, பேரப்பிள்ளைக்கு விரிப்புத் தைக்க ஒரு கட்டு வாங்கினார். 'சுத்தக் காட்டன்' என்று எழுதியிருந்தேன். சூடாக இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் நடுவில் ரெண்டு துண்டு சுருங்கி உருகிவிட்டது. திட்டவில்லை. "டீச்சர்னு போட்டிருந்ததால கேட்காம வாங்கிட்டேன்" என்று மட்டும் எழுதினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. செய்து பார்த்துச் சொல்லுங்கள் என்று 33 வருஷம் உங்களை விரட்டியவள், கையால் தடவிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்!

பணத்தைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தீப்பெட்டியோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு துண்டிலும் நாலு இழை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம் போல எரியும், அதே வாசனை, சாம்பல் தொட்டால் பொடியாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறினதும் கறுப்பு மணியாக இறுகும். கலப்பு நூலில் சாம்பலுக்குள் மணி நெருடும். பருத்தி என்று கட்டி வைத்த 26 கட்டில் 11 கட்டு தேறவில்லை.

கலப்பை வேறாகக் கட்டி, அப்படியே எழுதி, 60 ரூபாய்க்குப் போட்டேன். வாங்க ஆளில்லை. மகளின் ஹாஸ்டல் பணத்துக்கு இதை நம்பியிருந்த எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வந்த கோபம் நியாயமானது. "டீச்சரக்கா, யாரு பத்த வச்சுப் பாக்கப் போறாங்க? கடைக்காரன் காட்டன்னு சொல்லித்தான விக்கிறான்?" என்றாள். பதினைந்து நாள் வாசலில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். என் மனச்சுத்தத்துக்கு அவள் கூலியில் கை வைத்துவிட்டேனோ என்று இப்போதும் தோன்றுகிறது. அந்த மாசக் குறையை என் பென்ஷனிலிருந்து கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

போன வாரம் அவளே ஒரு சாக்கைக் கொண்டுவந்து திண்ணையில் போட்டாள். "பாதிய நானே கொளுத்திப் பாத்துட்டேன். மீதிய நீங்க பாருங்க" என்றாள். விரல் நுனியில் சூடுபட்ட தழும்பு. இடுக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கலப்புக் கட்டுகள் ஒன்பது இன்னும் இருக்கின்றன. பை தைக்க, கால்மிதி பின்ன நன்றாக இருக்கும், இஸ்திரி மட்டும் கூடாது. வேண்டுமென்கிற பிள்ளைகள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை திருச்சுழிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன், அன்று பார்சல் கிடையாது.