சம்பளச் சீட்டில் ஒரு வரி

2020ஆம் ஆண்டுச் சாரல் காலத்தில் ஐந்தருவி ஆளின்றிக் கொட்டிக்கொண்டிருந்தது. கொரோனாவை முன்னிட்டுக் குளிக்கத் தடை. மங்குஸ்தான் விற்கும் கடைகளும் எண்ணெய் தேய்த்துவிடுவோரின் பலகைகளும் வெறுமையாகக் கிடந்தன. கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் கணவனும் மனைவியுமாக வேலை பார்த்துவந்த நாங்கள், மே மாத இறுதியில் அதை இழந்து மேலகரம் வந்து சேர்ந்திருந்தோம்.

விடைபெறும் நாளில் எங்கள் முன் ஒரு தாளை வைத்தார்கள். சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக அதில் தட்டச்சு செய்திருந்தது. எங்களில் ஒருவர் பேனாவைத் திறந்தேவிட்டார். மற்றவர் கையைப் பற்றினார். சட்டம் ஒன்றும் அறிந்து செய்ததன்று; நாங்களாக விலகவில்லையே என்ற ரோஷம்தான். ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் உதவி இல்லை என்ற விதியைப் பின்னர் படித்தபோது உடல் நடுங்கிற்று.

ஊரில் எல்லோரும் சொன்னது வேலைவாய்ப்பு அலுவலகத்தை. மாநில அரசின் அந்த உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்தவருக்கே உரியது. மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய பதிவை நாங்கள் என்றோ மறந்திருந்தோம்.

செப்டம்பரில் பழைய தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இ.எஸ்.ஐ.யில் கேட்டீர்களா என்றார். மருந்து வாங்குமிடம் என்று மட்டுமே நாங்கள் அறிந்திருந்த இ.எஸ்.ஐ! சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் 105 ரூபாய் பிடித்தம், அதாவது 0.75 விழுக்காடு. முதலாளி தம் பங்காக 3.25 விழுக்காடு செலுத்துகிறார். 2019 ஜூலைக்கு முன் எங்கள் பங்கு 1.75 விழுக்காடாக இருந்தது. மாதந்தோறும் கண்ணில் பட்டும் ஒருநாளும் படிக்காத வரி அது.

2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவின்படி, வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி நாட்கூலியில் கால்பங்கு, வாழ்நாளில் மொத்தம் 90 நாட்களுக்கு வழங்கப்பட்டது. 2020 மார்ச் 24க்குப் பின் வேலையிழந்தோர்க்கு அதைப் பாதியாக உயர்த்தினார்கள். 90 நாள் காத்திருப்பு 30 ஆயிற்று. முதலாளியின் கையை எதிர்பாராமல் கிளை அலுவலகத்திலேயே நேரே கொடுக்கலாம் என்றும் ஆனது. இந்தக் கடைசித் தளர்வு இல்லாவிடில் எங்கள் விண்ணப்பம் எழுந்திருக்கவே முடியாது.

மாமா மட்டும் ஒப்பவில்லை. "சும்மா இருக்கவனுக்கு எவன்யா துட்டு குடுப்பான்? கை நீட்டாதீங்க" என்றார். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயர் எங்கள் மேலகரத்துக்காரர். பாட்டுக்குப் பரிசிலாக மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலம் குறவஞ்சி மேடு எனப்படுகிறது. கொடுப்பவன் மனம் குளிர்ந்து கொடுப்பது பரிசில். நாங்கள் கேட்கப்போனது அதுவன்று, எங்கள் 105 ரூபாயின் மறுபக்கம் என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தோம். சொல்லும்போது எங்களுக்கே குரல் எழவில்லை. 20 ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதும்போதும் கூச்சம் தீரவில்லை.

பணம் எங்களில் ஒருவருக்கே வந்தது. ஏறக்குறைய 21,000 ரூபாய். மற்றவர் 2019 ஜனவரியில்தான் வேலையில் சேர்ந்தவர். இரண்டாண்டுக் காப்பீடு நிறையவில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே நாளில் வேலையிழந்தவர்கள் நாங்கள். அந்த மாதங்களில் எங்களிடையே நிலவிய மௌனத்தைப் பற்றி விரித்தெழுத விருப்பமில்லை. அரிசிக்கும் வாடகைக்கும் அந்தப் பணமே உதவிற்று என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

செய்தி தெருவில் பரவியது. ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒரு மாலை வந்து திண்ணையில் அமர்ந்தார். "எனக்கும் அந்தப் படிவத்த எழுதித் தாங்களேன்" என்றார். முப்பதாண்டுகளாகச் சாரல் முடிந்ததும் வேலையிழப்பவர். அவ்வாண்டு சாரலிலேயே இழந்தவர். எங்கள் படிவத்தின் நகலை அவர்முன் விரித்தோம். காப்பீட்டு எண் என்ற கட்டத்தில் எங்கள் விரல் நின்றது. "அது எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.