கட்டை மேல் நிற்கும் வண்டி

காலை ஏழு மணிக்கே மெக்கானிக் வந்துவிட்டார். நெற்றியில் சங்கரநாராயணர் கோயில் புற்றுமண். பின்னாலேயே சைக்கிளில் ஸ்பேனர் பெட்டியோடு உதவிக்கு ஓர் இளைஞன். சங்கரன்கோவிலில் என் மைத்துனர் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தடியில் நின்ற ஆம்னியின் கியர் பாக்ஸை இறக்க வேண்டும்.

மைத்துனருக்குப் பூ வியாபாரம். விடியும் முன்னே சுற்றுக் கிராமத் தோட்டங்களிலிருந்து மல்லியும் பிச்சியும் ஏற்றிவந்து மார்க்கெட்டில் சேர்ப்பது இந்த வண்டிதான். ஒரு வாரமாக இன்ஜின் அலறுகிறது, வண்டி இழுக்கவில்லை. மேடு ஏறினால் கருகல் வாசம். மெக்கானிக் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தார், நாலாவது கியரைப் போட்டு கிளட்சை விட்டார். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "கிளட்ச் பிளேட் செத்துப் போச்சு முதலாளி" என்றார்.

1984 முதல் 2019 வரை தயாரான வண்டி ஆம்னி. 796 சிசி இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதற்குப் பின்னால் கியர் பாக்ஸ், அங்கிருந்து பின் அச்சுக்கு புரொப்பல்லர் ஷாப்ட். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இன்ஜினும் கியர் பாக்ஸும் குறுக்குவாட்டில் நெருக்கியடித்துக் கிடக்கும். அதை வீட்டில் வைத்து இறக்குவது பெரும்பாடு. ஆம்னிக்கு அடியில் படுக்க இடம் இருந்தால் போதும்.

அந்த இடத்தை உண்டாக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. ஜாக்கியால் தூக்கி, பழைய ரயில் சிலீப்பர் கட்டைகளை நான்கு பக்கமும் கொடுத்தார்கள். பிறகு மெக்கானிக் தோளால் வண்டியை முட்டி முட்டிப் பார்த்தார். அசையவில்லை. "ஜாக்கி தூக்கித்தான் குடுக்கும் அண்ணாச்சி, தாங்காது. உள்ள ஒரு சீலு போச்சுன்னா ஆளு காலி." ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுத்து உயிரை விட்டவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. காரை வீட்டில் கழற்றிப் பார்க்க நினைக்கும் யாரும் ஸ்பேனருக்கு முன்னால் கட்டையைத் தேட வேண்டும்.

பேட்டரி வயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்தார்கள். ஷாப்டின் பின்முனையில் உளியால் ஒரு கீறல். திரும்ப அதே வாட்டத்தில் மாட்டாவிட்டால் ஓட்டத்தில் உதறும். ஷாப்டை உருவிய வாய்க்கு பாலித்தீன் பையைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டார். கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், செல்ஃப் மோட்டார் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கழன்ற போல்ட்டுகளை இளைஞன் ஓர் அட்டையில் ஓட்டை போட்டுக் குத்திவைத்தான், கியர் பாக்ஸில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில். போல்ட்டுகளின் நீளம் வேறு வேறு, கலந்துவிட்டால் தொல்லை.

மேல் போல்ட் கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு, தலைக்கு மேலே கையை நுழைத்து, விரல் நுனியால் தடவினார். பக்கத்துத் தெருவிலிருந்து விசைத்தறிச் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் சலனமே இல்லை. விரல்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

கியர் பாக்ஸை ஜாக்கி மேல் தாங்கி நேராகப் பின்னால் இழுத்தார்கள். "தொங்க விட்றாதலே" என்றார். கனம் முழுவதும் கியர் பாக்ஸ் ஷாப்டில் ஏறினால் பிளேட்டின் நடுப்பல் நெளியும். இந்தப் பிளேட் எப்படியும் குப்பைக்குத்தான். ஆனால் கை அப்படிப் பழகிவிடக் கூடாதாம்.

பிளேட்டில் ரிவிட் தலைகள் தெரியும் அளவுக்குத் தேய்மானம். பிரஷர் பிளேட்டில் சூடேறிய நீலத் திட்டுகள். உள்ளே அப்பியிருந்த கறுப்புத் தூளை இளைஞன் வாயால் ஊதப் போனான். நான் பதறித் தடுத்தேன். பழைய கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கம். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். இதில் இருந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தறிக்கூடத்து வேஸ்ட் நூலைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன், அதனால் துடைத்தான். "இத்தனை வருசம் ஊதிட்டுத்தான அண்ணாச்சி இருக்கேன்" என்றார் மெக்கானிக். அதன்பின் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு வலித்தது. இதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருடம் ஒரு ஆளும் வாய்க்கவில்லை.

பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றினார். பேரிங்குக்காக இன்னொரு முறை இறக்க யாரால் முடியும்?

இறக்குவதைவிட ஏற்றுவதுதான் வேலை. பழைய கியர் பாக்ஸ் ஷாப்ட் ஒன்றைச் செருகிப் பிளேட்டை நடுவில் நிறுத்தி முடுக்கினார். கியர் பாக்ஸ் ஏறியது. அரை அங்குலம் மிச்சம் வைத்து நின்றுவிட்டது. போல்ட் போட்டு இழுக்கலாமே என்றேன். "காது ஒடிஞ்சிரும்." கியரில் போடச் சொன்னார். இளைஞன் முன்னால் போய் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். மெக்கானிக் மார்போடு கியர் பாக்ஸை அணைத்தபடி காத்திருந்தார். ஒரு சின்ன 'ளொக்'. பல்லுக்குள் பல் விழுந்தது.

எல்லாம் மாட்டி, ஆயில் ஊற்றி முடிக்க வெயில் தாழ்ந்துவிட்டது. அடியில் ஆள் இல்லை என்று குனிந்து பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு இளைஞனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட பிறகே கட்டைகளை எடுத்தார். ஹேண்ட் பிரேக், நாலாவது கியர். கிளட்சை விட்டார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது.

"காலையில பூ எடுக்கப் போலாம் முதலாளி."